முருங்கையை வெட்டிய கை

எங்கள் ஊரில் மரத்தில் அரிவாள் வைப்பது என்றால் அது முருங்கையில்தான். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடல் காற்று வரும் மண் அது. தென்னைக்கு மட்டை கழிப்பதோடு சரி. மாமரத்தை யாரும் தொடமாட்டார்கள். வேம்பில் ஆட்டுக்கு நாலு கொப்பு ஒடிப்பார்கள். முருங்கைக்கு மட்டும் காய்ப்பு ஓய்ந்ததும் அரிவாள் வந்துவிடும். அப்பா மார்பளவு உயரம் விட்டு, மேலே உள்ளதை மொத்தமாகத் தள்ளிவிடுவார். வெட்டுவாயில் சாணி உருண்டையை அப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார். பதினைந்து இருபது நாளில் சுற்றிலும் துளிர் வெடிக்கும். அந்தத் துளிரில்தான் அடுத்த பூ. எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு காய் என்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள் நான். பதினான்கு வயதில் அந்த வேலை என் கைக்கு வந்தது. அப்பா அருகில் நின்று வேடிக்கை பார்த்தார், ஒரு வார்த்தை திருத்தவில்லை. அந்தப் பெருமை ரொம்ப நாள் எனக்குள் இருந்தது.

1998 ஜூனில் கோத்தகிரியில் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தாவரவியல் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தேன். சரிவில் இறங்கும் பாதையோரம் தகரக் கூரை போட்ட சின்ன வீடு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரம்மா படகர் வீட்டு மூதாட்டி. மகன்கள் இருவரும் கோயம்புத்தூரில். மேல் வீட்டில் தனியாக இருந்தார், கீழே அரை ஏக்கர் தேயிலை. என் அடுப்படிக்குப் பின்னால், கூரையில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு ஒரு பேரிக்காய் மரம். அவர் மாமனார் வைத்தது.

பேரிக்காய் இந்த மலைக்கு வந்தேறிய மரம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து முதலில் வீடு கட்டியது ஊட்டியில் அல்ல, கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில்தான். வெள்ளைக்காரர்கள் தங்கத் தொடங்கிய பிறகு குளிர்நாட்டுப் பழமரங்கள் ஒவ்வொன்றாக நீலகிரிக்கு ஏறின. எல்லாம் நிலைக்கவில்லை. குளிர் அதிகம் கேட்கும் மரங்கள் இங்கே திணறின. சீன வழிப் பேரி குறைந்த குளிரிலேயே பூக்கக்கூடியது என்பதால் வேர் பிடித்துக்கொண்டது. அதற்கும் குளிர்காலத் தூக்கம் வேண்டும். டெல்டாவில் கொண்டுபோய் வைத்தால் இலை விடும், பூவுக்கு வழியில்லை.

அந்த ஆகஸ்டில் ராத்திரி ராத்திரியாகக் கூரைத் தகரத்தில் காய் விழும். முதல் தடவை யாரோ கல்லெறிகிறார்கள் என்றே எழுந்து உட்கார்ந்தேன். காலையில் பொறுக்கிக் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடித்தால் பல்லுக்குக் கீழே நறநறவென்று மணல் போல ஒன்று தட்டுப்படும். வகுப்பில் கல்செல்கள் என்று நடத்துவது அதைத்தான். வீட்டுக்காரம்மா இரண்டு சாக்கு நிறையக் கட்டி, ஒன்றைக் குன்னூரில் இருந்த தங்கைக்கும் மற்றதை மகன்கள் வீட்டுக்கும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். ஆண்டு தவறாமல் நடக்கும் காரியம் அது.

டிசம்பரில் மரம் மொட்டையானது. ஒரு இலை இல்லை. எங்கள் பக்கத்து ஒதிய மரமும் இலை உதிர்க்கும், ஆனால் இது உதிர்த்துவிட்டு வாரக்கணக்கில் கட்டையாக நின்றது. கிளையெல்லாம் பின்னிக்கிடந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. கூரைமேல் சாய்ந்த கிளை காற்றடித்தால் தகரத்தை உரசும். வீட்டுக்காரம்மாவிடம், "நான் வெட்டிச் சரிபண்ணித் தரட்டுமா அம்மா?" என்றேன். "உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். "எங்க ஊர்ல நான்தான் வெட்டுவேன்" என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. எந்த மரத்தை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

1999 ஜனவரி, பொங்கல் விடுமுறை. ஊரிலிருந்து கொண்டுவந்த அப்பாவின் அரிவாளும், கடையில் வாங்கிய கை ரம்பமும். முதலில் கூரைமேல் இருந்த கிளை. என் தொடை கனம். அடிமரத்தை ஒட்டி மேலிருந்து அறுக்க ஆரம்பித்தேன். முருங்கைக் கட்டை மெத்தென்று இருக்கும், இரண்டு வெட்டில் போகும். இது ரம்பத்தைப் பிடித்து இறுக்கியது. பாதிக்குமேல் அறுத்திருப்பேன், கிளை தன் பாரத்தில் தானே சாய்ந்தது. அறுபடாத அடிப்பாதி விடவில்லை. பட்டையை உரித்துக்கொண்டே கீழே போனது. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளத்துக்கு அடிமரத்தில் தோல் கிழிந்து தொங்கியது. உள்ளே ஈரமாக, பச்சையும் வெள்ளையுமாக மரத்தின் சதை. கை வைத்தேன், சில்லென்று இருந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவில்லை. கிளைகளின் மேல் ஒரு பொருள் எனக்குப் புரியாமல் இருந்தது. விரல் நீளமும் இல்லாத குட்டைக் குச்சிகள், முட்டி வீங்கிய விரல்போலத் தடித்து, தோலெல்லாம் சுருக்கம் சுருக்கமாக, கிளை நெடுக வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. நுனியில் மட்டும் ஒரு கொழுத்த மொட்டு. இதை நோய் கண்ட கணு என்றோ, காய்ந்துபோன பழங்குச்சி என்றோ நினைத்தேன். அரிவாள் முதுகால் தட்டினால் பட்டென்று தெறித்தன. கைக்கு எட்டிய கிளைகளையெல்லாம் அப்படியே வழித்தேன். ஒரு சாக்கு சேர்ந்தது. பிறகு மேலே போன கொப்புகளை ஒரே மட்டமாக நறுக்கினேன். சாயங்காலம் பார்த்தபோது மரம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. எனக்கு மனது நிறைந்திருந்தது.

வீட்டுக்காரம்மா வந்து முக்காட்டைச் சரிசெய்தபடி ரொம்ப நேரம் நின்றார். "நிறைய வெட்டிட்டீங்களே டீச்சர்" என்றார். "துளிர்த்துடும் அம்மா" என்றேன்.

பிப்ரவரி கடைசியில் ஊரெல்லாம் பேரி பூத்தது. பேரி பூப்பதை நான் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. இலைக்கு முன்னால் பூ வரும். ஒரு மொட்டிலிருந்து ஐந்தாறு பூக்கள் ஒரே கொத்தாக, அஞ்சு இதழ் வெள்ளை. நடுவில் மகரந்தப் பைகள் முதல் நாள் குங்குமச் சிவப்பு, வெடித்த பிறகு கருத்துவிடும். வாசனை நன்றாக இருக்காது, லேசாக மீன் கவிச்சி. பக்கத்துத் தோட்டத்து மரம் பஞ்சு ஏற்றின வண்டிபோல இருந்தது. எங்கள் மரத்தில், என் கைக்கு எட்டாமல் தப்பிய உச்சிக் கிளை ஒன்றில் மட்டும் வெள்ளை. அந்தக் கிளையில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஒவ்வொரு பூங்கொத்தும் அந்தச் சுருக்கம் விழுந்த முண்டின் நுனியில் உட்கார்ந்திருந்தது. நான் சாக்கில் கட்டி அடுப்பெரித்த அதே முண்டு.

அந்த ஆகஸ்டில் சாக்கு கட்டும் வேலை இல்லை. தங்கைக்குப் போன் போட்டு, "இந்த வருஷம் மரம் ஓய்வெடுக்குது" என்று வீட்டுக்காரம்மா சொன்னது என் காதில் விழுந்தது. என்மேல் ஒரு சொல் பழி வைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காய்க்குப் பதில் வேறொன்று வந்தது. மட்டமாக நறுக்கின இடத்திலெல்லாம் நெட்டுக்குத்தாக, பிரம்புபோல நீர்ப்போத்துகள். ஒரு கிளையில் மட்டும் முப்பதுக்கு மேல் எண்ணினேன். மழைக்குள் கூரையைத் தாண்டிவிட்டன. இதற்கு விளக்கம் எனக்குத் தெரியும், பன்னிரண்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிய பாடம். நுனி மொட்டில் சுரக்கும் ஆக்ஸின் கீழே இறங்கிவந்து பக்க மொட்டுகளைத் தூங்கவைத்திருக்கும். நுனியை வெட்டினால் தூங்குபவை எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்ளும். நுனி ஆதிக்கம், ஐந்து மதிப்பெண் கேள்வி. நீர்ப்போத்துக் காட்டுக்கு நடுவில் நின்றபோதுதான் அந்தப் பாடம் எனக்கு உறைத்தது.

வீட்டுக்காரம்மாவின் தேயிலையைப் பார்த்துக்கொள்ள வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு பெரியவர் வருவார். பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். பிறகு இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெறும்வரை வேலை. கிளை வெட்டுவதை அவர் 'கவாத்து' என்று சொல்லமாட்டார், 'கவ்வாத்து' என்பார், அங்கே அப்படித்தான். படைக்காரர்களின் அணிவகுப்புப் பயிற்சிக்கும் நம் மொழியில் அதே சொல்தான். தேயிலைச் சரிவைப் பார்த்தால் அந்தச் சொல் ஏன் ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றும். விட்டால் மரமாகிவிடும் செடியை இடுப்பளவில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் அல்லவா.

அவர் மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கிழிந்த பட்டையைத் தடவினார்.

"தேயிலைக்கு வெட்டுன மாதிரியில்ல வெட்டியிருக்கு?"

"முருங்கைக்கு வெட்டுன மாதிரி, ஐயா" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான். தேயிலையில நமக்கு வேண்டியது கொழுந்து. வெட்ட வெட்டக் கொழுந்து வரும். இதுல பூவுல்ல வேணும்? பூவு எதுல உக்காருதுன்னு பாத்துட்டுல்ல டீச்சரம்மா கத்தி வைக்கணும்."

2000 ஜனவரியில் அவர் வந்தார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வறண்ட குளிர் அடிக்கும் மாதம். கோத்தகிரி கிழக்குச் சரிவு, எங்களுக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெருமழை. அது போன பிறகுதான் வெட்டுவாய் காயும். கையில் கத்தி எடுத்துவரவில்லை. அன்றைக்கு வெட்ட வேண்டாம் என்றார். ஒரு கிளையை என் கண்ணுக்கு நேரே வளைத்துப் பிடித்து, நுனியிலிருந்து விரலை மெல்லப் பின்னால் இழுத்தார். வழவழவென்று போன தோல் ஓரிடத்தில் தடுக்கியது. அங்கே நூல் சுற்றியதுபோல நெருக்கமான வளையங்கள். "இது போன வருஷ நுனி மொட்டு இருந்த எடம். இதுக்கு இந்தப் பக்கம் ஒரு வயசு." இன்னும் பின்னால் போனார், மறுபடி வளையம். "இது ரெண்டு வயசு." ஒரு வயதுத் துண்டில் மொட்டுகள் ஒல்லியாக, கூராக, கிளையோடு ஒட்டிப் படுத்திருந்தன. அவை இலைக்கு. இரண்டு வயதுத் துண்டில் சில மொட்டுகள் உருண்டு, கொஞ்சம் வெளியே தலைநீட்டியிருந்தன. மூன்று வயதில் அதே மொட்டு முண்டாகியிருந்தது.

உச்சிக் கிளையில் தப்பிய ஒரு முண்டை என் கையில் பிடிக்கச் சொன்னார். அதன் சுருக்கம் ஒவ்வொன்றும் ஒரு வருடம் என்று அப்போது தெரிந்தது. வருடத்துக்கு ஒரு நெல்மணி அளவுகூட வளர்வதில்லை. பூக்கும், காய்க்கும், பக்கத்திலேயே இன்னொரு மொட்டை வைத்துக்கொள்ளும், மறுபடி பூக்கும். நகத்தால் எண்ணினேன், பதினொன்று வரை தெரிந்தது, அதற்குமேல் பட்டை தடித்துப் புரியவில்லை. நான் அரிவாள் முதுகால் தட்டித் தெறிக்கவிட்டவை அப்படிப்பட்டவை. சாக்கு நிறைய.

அடுத்த நாள் வெட்டினோம். முதல் காரியமாகக் கிளையைக் கீழிருந்து கால்பங்கு அறுக்கச் சொன்னார். அதற்குச் சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை முறிந்து தனியாக விழும், பட்டை கிழியாது. மிஞ்சிய கட்டையைக் கடைசியில் நிதானமாக எடுக்கலாம். எடுக்கும் இடம்தான் முக்கியம். கிளை அடிமரத்தில் சேருமிடத்தில் சட்டைக் கழுத்துப் பட்டிபோல ஒரு சிறு புடைப்பு இருக்கும். அந்தப் பட்டியைத் தொடாமல் அதன் விளிம்பில் அறுக்க வேண்டும். நான் முந்தின வருடம் அழகுக்காக அடிமரத்தோடு வழித்து அறுத்த இடங்களில் ஓரம் கறுத்துக் கிடந்தது.

இதற்குப் பெயரும் காரணமும் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ மரங்களை ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பிளந்து பார்த்தவர். 1986இல் வந்த அவர் புத்தகம் மரம் வெட்டுபவர்களின் பழக்கத்தையே மாற்றியது. நம் தோல்போல மரத்தின் காயம் ஆறுவதில்லை என்றார். பழைய திசு பழுதுபட்டது பட்டதுதான். மரம் அதைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி, உள்ளேயே வைத்து அடைத்துவிட்டு, வெளியே புது மரத்தை வளர்த்துக்கொள்கிறது. அந்தச் சுவருக்கான வலுவான இடம் அந்தக் கழுத்துப்பட்டிதான். அட்டனில் பள்ளிக்கூட வாசல் மிதித்திராத பெரியவர், கை அனுபவத்தில் அதே விளிம்பில் ரம்பத்தை வைத்தார்.

பெரிய வெட்டுகளுக்குப் போர்டோ பசை. பிரான்சில் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் 1880களில் மில்லார்டெ என்பவர் கண்டுபிடித்த மருந்து. பாதையோரக் கொடிகளில் பழம் திருடாமலிருக்கப் பூசிவைத்த நீலக் கலவை பூஞ்சணத்தையும் தடுத்ததைக் கவனித்தாராம். நூறு கிராம் மயில்துத்தம் அரை லிட்டர் தண்ணீரில், நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பு இன்னொரு அரை லிட்டரில். இரண்டும் பிளாஸ்டிக் வாளி. இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கினால் வானத்து நீலம். பெரியவர் இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தார். அலகில் செம்பு நிறம் லேசாகப் படிந்திருந்தது. "சுண்ணாம்பு பத்தல" என்றார். இன்னும் ஒரு கரண்டி போட்டு, கத்தியைத் துடைத்து மறுபடி முக்கினார். இம்முறை அலகு வெள்ளையாகவே வந்தது. அடுத்த வருடம் என் மாணவிகளுக்கு இதை வகுப்பிலேயே செய்து காட்டினேன். பசை அழுகலை நிறுத்தாது என்று ஷைகோ எழுதியதைப் பிறகு படித்தேன். ஆனாலும் நான் பூசுவதை விடவில்லை, எந்த இடத்தில் அறுக்கிறோம் என்பதைத்தான் அதிகம் கவனிக்கிறேன்.

நீர்ப்போத்துகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் வெட்டினால் அதே இடத்தில் மறுபடி கிளம்பும். பெரும்பாலானவற்றை அடியோடு எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் பார்த்த ஏழு மட்டும் நிறுத்தினோம். நெட்டுக்குத்தாக நிற்கும் கொப்பு வளர்ச்சியிலேயே குறியாக இருக்கும், சாய்த்துவிட்டால் வேகம் குறைந்து மொட்டு வைக்க ஆரம்பிக்கும். தேங்காய் நார்க் கயிற்றை ஒவ்வொன்றிலும் கட்டி, மெல்ல மெல்ல வளைத்து, கீழே கல்லில் பிணைத்தோம். படுக்கையாகவும் வேண்டாம், ஏணி சாத்தின சாய்வு போதும் என்றார். மூன்றாவது கொப்பை நான் அவசரப்பட்டு இழுத்தேன், அடியில் பிளந்துவிட்டது. மிச்சம் ஆறு.

அந்த வருடமும் காய் சொற்பம். 2001இலும் அப்படித்தான். ஒவ்வொரு ஜனவரியும் பெரியவர் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி நடப்பார். நான் எதை வெட்டலாம் என்று சொல்ல வேண்டும், அவர் தலையாட்டுவார் அல்லது ஆட்டமாட்டார். குறுக்கே உரசுவது, உள்பக்கம் போவது, பட்டது, இவை மட்டும். இரண்டாவது வருடம் மொத்தமே ஒரு கைப்பிடிக் குச்சிதான் விழுந்தது. பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்திப் போய்வந்த வீட்டுக்காரம்மா அந்தக் குச்சிகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டுச் சிரித்தார்.

2002 பிப்ரவரியில் சாய்த்துக் கட்டிய ஆறில் நான்கு கொப்புகளின் முதுகில் மொட்டு உருண்டது. பள்ளிக்குக் கிளம்புமுன் தினமும் போய்ப் பார்ப்பேன். முதல் கொத்து விரிந்த அன்று ஆறு பூ எண்ணினேன், அடுத்த நாள் எண்ணுவதை விட்டேன். ஆகஸ்டில் தகரக் கூரையில் மறுபடி சத்தம். வீட்டுக்காரம்மா ஒரு சாக்கைத் தைத்து, அதன்மேல் தங்கை பெயரை எழுதித் தரச் சொல்லி என்னிடம் மை கொடுத்தார்.

2003 ஜனவரியில் பெரியவர் மூட்டுவலியால் வரவில்லை. மே மாதம் எனக்கு ஊர்ப்பக்கம் மாறுதல் வரும் என்று தெரிந்திருந்தது. மரத்தைச் சுற்றித் தனியாகத்தான் நடந்தேன். 1999இல் கிழித்த பட்டையின் இரு ஓரமும் உதடுபோலத் தடித்து உள்நோக்கி உருண்டு வந்திருந்தன, நடுவில் இன்னும் நாலு விரல் மூடவில்லை. அங்கே மரம் சாம்பல் நிறமாக, தட்டினால் கெட்டியாகவே இருந்தது.

"இந்த வருஷம் என்ன வெட்டணும் டீச்சர்?" வீட்டுக்காரம்மா வாசலிலிருந்து கேட்டார்.

"வெட்ட ஒண்ணும் இல்லம்மா. கயிறு மட்டும் அவுக்கணும்."

நார்க்கயிறு மழையில் நைந்து பட்டைக்குள் பதிந்துபோயிருந்தது. இன்னொரு வருடம் விட்டால் கொப்பை நெரித்துவிடும். கத்தரி நுனியை நுழைத்து ஒவ்வொரு இழையாக வெட்டினேன். கடைசி இழை அறுந்ததும் கொப்பு மேலே எகிறும் என்று கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். எகிறவில்லை. கட்டிவைத்த சாய்விலேயே நின்றது. கயிறு இருந்த இடத்தில் விரல் வைத்தேன், தேங்காய் நாரின் முறுக்கு பட்டையில் அப்படியே பதிந்திருந்தது.